காட்டிக்கொடுக்கும் புரதங்கள்
(பிட்யூட்டரி கட்டிகளும் மருத்துவமும்)

நாளமில்லாச் சுரப்பிகளுள் தலைமைச் சுரப்பி என்று நம் பாடநூல்கள் பிட்யூட்டரியைச் சிறப்பிக்கின்றன. எடை ஏறத்தாழ அரை கிராம். உருவில் ஒரு பட்டாணி. மூளையின் அடியில், ஸ்பீனாய்டு எலும்பில் குதிரைச் சேணம் போலக் குடையப்பட்ட ஒரு குழியில் அது அமர்ந்திருக்கிறது. மூளையிலிருந்து கழிவாக வடியும் சளி இவ்வழியாகத்தான் மூக்கை அடைகிறது என்று பண்டைய கிரேக்க மருத்துவர் காலன் கருதினார். 'பிட்யூட்டா' என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சளி என்றே பொருள். பழைய தமிழ்ப் பாடநூல்கள் சில இதனைக் 'கபச் சுரப்பி' என்று மொழிபெயர்த்ததும் அதனாலேயே. காலனின் கருத்து பொய்த்துப் போயிற்று. எனினும் இன்றைய அறுவை மருத்துவர் இச்சுரப்பியை அடைவது பெரும்பாலும் மூக்கின் வழியாகத்தான் என்பது வேடிக்கையான ஒற்றுமை!

இச்சுரப்பியின் முன்கதுப்பில் ஐவகை உயிரணுக்கள் உள்ளன. அவை முறையே வளர்ச்சி ஹார்மோன், பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின், அட்ரீனலைத் தூண்டும் ஏ.சி.டி.எச்., தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச்., இனப்பெருக்க உறுப்புகளைத் தூண்டும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஆகியவற்றைச் சுரக்கின்றன. இவ்வணுக்களுள் எதிலிருந்தும் கட்டி தோன்றலாம். மண்டை ஓட்டினுள் தோன்றும் கட்டிகளில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை பிட்யூட்டரியைச் சேர்ந்தவை. பிணப் பரிசோதனைகளையும் படப்பதிவுகளையும் தொகுத்து 2004-இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு இச்சுரப்பியில் சிறு கட்டியேனும் இருப்பதாகக் கணக்கிட்டது. அஞ்ச வேண்டா. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை வாழ்நாள் முழுதும் ஒரு தொல்லையும் தருவதில்லை. உடலின் பிற உறுப்புகளுக்குப் பரவும் உண்மையான புற்றாக மாறுபவை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

தொல்லை தருபவை மூன்று வழிகளில் தருகின்றன. ஏதேனும் ஒரு ஹார்மோனை அளவிறந்து சுரக்கின்றன. அல்லது எஞ்சிய நல்ல சுரப்பியை நசுக்கி அதன் பணியைக் கெடுக்கின்றன. அல்லது மேல்நோக்கி வளர்ந்து, நேர்மேலே உள்ள பார்வை நரம்புக் குறுக்கினை அழுத்துகின்றன. பார்வை நரம்புக் குறுக்கு அழுத்தப்பட்டால் இரு பக்கவாட்டிலும் பார்வை மங்கும். நேரே இருப்பது தெரியும். பக்கத்தில் வரும் மிதிவண்டி தெரியாது.

இனிச் சிக்கலைப் பார்ப்போம். மூன்று நோயாளரின் படப்பதிவில் ஒரே இடத்தில், ஒரே அளவில், ஒரே தோற்றத்தில் மூன்று கட்டிகள் தெரிகின்றன என்று கொள்வோம். ஒருவருக்கு வாரம் இரு மாத்திரை போதும்; கத்தியே வேண்டா. இன்னொருவருக்கு உடனே அறுவை வேண்டும். மூன்றாமவருக்கு அறுவைக்குப் பின்னும் நான்கு வாரத்திற்கு ஒருமுறை ஊசி தேவைப்படலாம். படம் இவ்வேறுபாட்டைச் சொல்லாது. சொல்பவை அக்கட்டியின் உயிரணுக்கள் உண்டாக்கும் புரதங்களே. இவற்றை அடையாளப் புரதங்கள் என்று அழைக்கலாம். சில இரத்தத்தில் கலந்து வெளிவருகின்றன. சில உயிரணுவினுள்ளேயே தங்கியிருந்து, திசுவைச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு மட்டும் தம்மைக் காட்டுகின்றன.

இரத்தம் தரும் சாட்சி

ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சில நானோகிராம் அளவே உள்ள ஹார்மோனை அளப்பது ஒரு காலத்தில் கற்பனைக்கும் எட்டாதது. நியூயார்க்கில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகிய இருவரும் 1950-களின் இறுதியில் இன்சுலினை அளப்பதற்காகக் கதிரியக்க எதிர்ப்பொருள் முறையை வகுத்தனர். 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிட்டியது. பெர்சன் 1972-லேயே மறைந்துவிட்டதால் அப்பரிசில் பங்கு பெற இயலவில்லை. மனிதரிடம் புரோலாக்டின் என்று தனியாக ஒரு ஹார்மோன் உண்டா, அன்றி வளர்ச்சி ஹார்மோனே அவ்வேலையையும் செய்கிறதா என்னும் ஐயம் தீர்ந்ததே 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். அதன் பிறகே, 'ஒன்றும் சுரக்காதவை' என்று ஒதுக்கப்பட்டிருந்த கட்டிகளில் பல உண்மையில் புரோலாக்டினைச் சுரப்பவை என்பது தெரிய வந்தது.

ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி கட்டிகளுள் இவ்வகையே மிகுதி. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோதல், கருவுறாத நிலையிலும் பால் கசிதல், குழந்தையின்மை ஆகியன இதன் விளைவுகள். ஆண்களுக்கு ஆண்மைக் குறைவு. ஆனால் அவர்கள் மருத்துவரிடம் வருவது பெரும்பாலும் கட்டி பெரிதாகிப் பார்வை கெட்ட பிறகே. இவ்வகைக்குக் காபர்கோலின் போன்ற மாத்திரைகளே முதல் மருத்துவம். அவை டோபமைனைப் போலச் செயல்பட்டுச் சுரப்பை அடக்குவதோடு கட்டியையும் சுருக்குகின்றன. பல ஆண்டுகளாகப் பிள்ளைப்பேறின்றி, ஊராரின் ஏச்சையும் சுமந்து நின்ற ஒரு பெண்ணின் துயரம் ஓர் இரத்தப் பரிசோதனையாலும் சில மாத மாத்திரையாலும் தீரக்கூடும் என்றால், இவ்வொரு புரதத்தை அளப்பதன் அருமை விளங்கும்.

ஆனால் எண்ணைக் கண்டவுடன் முடிவு கட்டிவிடலாகாது. கருவுற்றிருந்தாலும், பாலூட்டினாலும், தைராய்டு குறைவாகச் சுரந்தாலும், வாந்தியை நிறுத்தும் மருந்துகள் சிலவற்றையும் மனநோய் மருந்துகள் சிலவற்றையும் உட்கொண்டாலும் புரோலாக்டின் உயரும். பெண்களில் இயல்பான உச்ச அளவு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 25 நானோகிராம். 200-ஐயும் 250-ஐயும் தாண்டினால் பெரும்பாலும் புரோலாக்டின் கட்டியே. இடைப்பட்ட அளவில்தான் குழப்பம். மூளையின் ஹைப்போதலாமசிலிருந்து காம்பின் வழியே இறங்கி வரும் டோபமைன், புரோலாக்டினை எப்போதும் அடக்கி வைத்திருக்கிறது. வேறு வகைக் கட்டி ஒன்று வளர்ந்து அக்காம்பை அழுத்தினால், கடிவாளம் தளர்ந்து நல்ல அணுக்களே சற்று மிகுதியாகப் புரோலாக்டினைச் சுரக்கும். அப்போது அளவு பொதுவாக 100-க்குள் நிற்கும். ஆகவே கட்டி பெரிது, புரோலாக்டின் 80 என்றால், 'இது புரோலாக்டின் கட்டியன்று, மாத்திரைக்கு அடங்காது, அறுவையே வழி' என்று மருத்துவர் முடிவு செய்வது முறையானதே.

இங்கேதான் ஒரு கண்ணி காத்திருக்கிறது. இன்றைய பரிசோதனைக் கருவிகளில் புரோலாக்டின் மூலக்கூறு இரு எதிர்ப்பொருள்களின் நடுவே அகப்பட வேண்டும். ஒன்று அதைப் பிடித்து வைக்கும்; மற்றொன்று ஒளிரும் அடையாளத்தோடு வந்து அதன் மறுபக்கத்தில் ஒட்டும். ஒளியை அளந்தால் புரதத்தின் அளவு தெரியும். இரத்தத்தில் புரோலாக்டின் பல்லாயிரக் கணக்கில் பெருகியிருந்தால் என்ன ஆகும்? பிடிக்கும் எதிர்ப்பொருளில் ஒரு மூலக்கூறும், ஒளிரும் எதிர்ப்பொருளில் வேறொரு மூலக்கூறும் தனித்தனியே ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் இணைக்கும் பாலம் அமையாது. கழுவும்போது ஒளிரும் பகுதி போய்விடும். கருவி மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். பேருந்தின் இரு வாயிலிலும் கூட்டம் முண்டியடித்தால் ஒருவரும் உள்ளே ஏற முடியாமல் போவதை இதற்கு ஒப்பிடலாம். இதனைக் 'கொக்கி விளைவு' என்பர்; அளவை வரைந்தால் கோடு மேலேறிப் பின் கொக்கி போல் கீழே வளைவதால் இப்பெயர். மருந்தகம் 80 என்று எழுதித் தரும். உண்மையோ பல ஆயிரமாக இருக்கும். மாத்திரையால் சுருங்கியிருக்க வேண்டிய கட்டிக்காக ஒருவர் அறுவை மேசையில் படுக்க நேரும். இதற்கு மாற்று மிக எளிது. இரத்த மாதிரியை நூறு மடங்கு நீர்த்து மீண்டும் அளந்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். மூன்று சென்டிமீட்டர் போன்ற பெரிய கட்டி இருந்தும் புரோலாக்டின் அடக்கமாக இருப்பின் இவ்வாறு நீர்த்துப் பார்க்க வேண்டும் என்று வல்லுநர்கள் வற்புறுத்துகின்றனர். கருவி செய்நிறுவனங்கள் சில இக்குறையைப் பெரிதும் நீக்கிவிட்டன எனினும், முற்றும் நீங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. சிலரது இரத்தத்தில் புரோலாக்டின், எதிர்ப்பொருளோடு பிணைந்து 'பெரும்புரோலாக்டின்' ஆக உலவுகிறது. அது சிறுநீரகத்தால் எளிதில் வெளியேறாது. ஆதலால் எண் உயர்ந்து காட்டும். ஆனால் உடலில் அதற்கு வீரியம் இல்லை. பாலிஎத்திலீன் கிளைக்கால் சேர்த்து அதனை வீழ்படிவாக்கிவிட்டு மீண்டும் அளந்தால் வேடம் கலைந்துவிடும். நம் வேதியியல் மாணவர்களுக்கு இது கைவந்த கலை.

மற்ற ஹார்மோன்களைச் சுருக்கமாகக் காண்போம். வளர்ச்சி ஹார்மோன் அலையலையாகச் சுரப்பது. ஒருமுறை அளப்பதால் பயனில்லை. அதன் தூண்டலால் கல்லீரல் உண்டாக்கும் ஐ.ஜி.எஃப்.-1 என்னும் புரதம் நாள் முழுதும் நிலையாக இருப்பதால் அதையே அளக்கின்றனர். ஐயம் இருந்தால் 75 கிராம் குளுக்கோஸ் பருகச் செய்து, வளர்ச்சி ஹார்மோன் ஒரு நானோகிராமுக்குக் கீழே அடங்குகிறதா என்று நோக்குகின்றனர். ஏ.சி.டி.எச். மிகுந்து உண்டாகும் குஷிங் நோயில் கட்டி பெரும்பாலும் மிகச் சிறிது. படத்திலேயே அகப்படாமல் போவதுண்டு. அப்போது மண்டையின் அடியில் உள்ள சிரைகளிலிருந்தும் கைச் சிரையிலிருந்தும் ஒரே நேரத்தில் இரத்தம் எடுத்து ஒப்பிடுவர். மேலே உள்ளது கீழே உள்ளதைப்போல் இரு மடங்கு ஆயின் சுரப்பிடம் பிட்யூட்டரியே.

திசு தரும் சாட்சி

நம் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் மைக்ரோடோமில் மெழுகு ரிப்பன் வெட்டிச் சாயம் ஏற்றியவர்களுக்கு இப்பகுதி எளிதில் விளங்கும். முற்காலத்தில் கட்டிகளை அமிலச் சாயம் ஏற்பவை, காரச் சாயம் ஏற்பவை, எச்சாயமும் ஏற்காதவை என மூன்றாகப் பிரித்தனர். அமிலச் சாயம் ஏற்பது வளர்ச்சி ஹார்மோன் கட்டி என்றும், காரச் சாயம் ஏற்பது குஷிங் நோய்க் கட்டி என்றும் எண்ணினர். ஹார்வி குஷிங் 1932-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் காரச் சாயக் கட்டிகளைப் பற்றியதே. சாயம் என்பது சட்டையின் நிறம். ஆளின் பெயரை அது சொல்லாது.

பெயரைச் சொல்லும் முறை எதிர்ப்பொருள்களால் வந்தது. ஆல்பர்ட் கூன்ஸ் என்னும் அமெரிக்கர் 1941-இல் எதிர்ப்பொருளின் மீது ஒளிரும் பொருளை ஏற்றிக் காட்டினார். 1966-இல் நகானே, பியர்ஸ் இருவரும் ஒளிர்பொருளுக்கு மாற்றாகப் பெராக்சிடேஸ் என்னும் நொதியை இணைத்தனர். எதிர்ப்பொருள் தனக்குரிய புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும். நொதி அவ்விடத்தில் பழுப்பு நிறத்தை உண்டாக்கும். எங்கே பழுப்பு தெரிகிறதோ அங்கே அப்புரதம் உண்டு. சாதாரண நுண்ணோக்கி போதும் என்பது இம்முறையின் பெருஞ்சிறப்பு.

இவ்வாறு ஹார்மோன்களைத் தேடியபோதும் ஒரு கூட்டம் எதற்கும் பழுப்பாகாமல் எஞ்சியது. 'வெற்று அணுக் கட்டி' என்று அதற்குப் பெயரிட்டு விட்டுவிட்டனர். இப்புதிரை அவிழ்த்தவை படியெடுத்தல் காரணிகள் என்னும் உட்கருப் புரதங்கள். கருவில் பிட்யூட்டரி உருவாகும்போது எந்த அணு எக்குலத்தைச் சேர வேண்டும் என்று விதிப்பவை இவை. பிட்-1 இருந்தால் வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின், டி.எஸ்.எச். குலம், டி-பிட் இருந்தால் ஏ.சி.டி.எச். குலம், எஸ்.எஃப்.-1 இருந்தால் இனப்பெருக்க ஹார்மோன் குலம். ஓர் அணு தன் தொழிலை விட்டாலும் குலக்குறி உட்கருவில் நிற்கிறது. 'வெற்று' என்று தள்ளப்பட்ட கட்டிகளை மீண்டும் சோதித்தபோது அவற்றுள் பெரும்பாலானவை எஸ்.எஃப்.-1 குலத்தவை என்றும், கணிசமானவை டி-பிட் குலத்தவை என்றும் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்ட பாகுபாடு இக்குல முறையையே அடிப்படையாகக் கொண்டது. 2022-ஆம் ஆண்டுப் பாகுபாடும் அவ்வாறே.

இதனால் நோயாளருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். டி-பிட் உடைய கட்டி குஷிங் நோயின் அறிகுறி எதையும் காட்டாமல் ஊமையாக இருப்பதுண்டு. ஆனால் இவ்வூமைக் கட்டிகள், எஸ்.எஃப்.-1 கட்டிகளைக் காட்டிலும் பக்கத்திலுள்ள பகுதிகளை ஊடுருவும் இயல்பும், அறுவைக்குப் பின் மீண்டும் தலைதூக்கும் இயல்பும் மிக்கவை. ஆகவே டி-பிட் என்று அறிக்கை வந்தால் அந்நோயாளரை அடிக்கடி அழைத்துப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். குலம் தெரியாமல் 'சுரக்காத கட்டி' என்று மட்டும் எழுதி அனுப்பினால், இரண்டாண்டு கழித்துப் பார்வை மங்கியவராய் அவர் திரும்பி வரக்கூடும்.

2022-ஆம் ஆண்டுப் பாகுபாடு 'அடினோமா' என்னும் பழைய பெயரை நீக்கி 'பிட்யூட்டரி நரம்பு-நாளமில்சுரப்பிக் கட்டி' என்னும் பெயரை முன்னிறுத்தியது. பிட்யூட்டரி மருத்துவ வல்லுநர் பலர் இதனை ஏற்கவில்லை. தீங்கற்ற சிறு கட்டியோடு வாழும் ஆயிரக்கணக்கானோர் தமக்குப் புற்றுநோய் என்று எண்ணி மருளுவர் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அவ்வாதமே வலுவுடையதாகப் படுகிறது. பெயர் மாற்றத்தால் நுண்ணோக்கியின் கீழ் ஓரணுவும் மாறவில்லை.

எத்துணை வேகம்?

கட்டியின் குலம் தெரிந்தபின் அடுத்த கேள்வி அதன் வேகம். இதற்குப் பயன்படுவது கீ-67 என்னும் புரதம். ஜெர்மனியின் கீல் நகரில் 1983-இல் கண்டறியப்பட்டதால் 'கீ'. ஆய்வுத் தட்டில் 67-ஆம் குழியில் கிடைத்ததால் அவ்வெண். பகுப்படையும் அணுக்களின் உட்கருவில் மட்டும் இது காணப்படும்; ஓய்ந்திருக்கும் அணுவில் இராது. நூறு அணுக்களில் எத்தனை பழுப்பு என்று எண்ணினால் வளர்ச்சி வேகம் ஒருவாறு விளங்கும். பிட்யூட்டரி கட்டிகளில் நூற்றுக்கு மூன்று என்பதை எல்லைக்கோடாகக் கொண்டனர்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2004-ஆம் ஆண்டுப் பாகுபாடு, கீ-67 மூன்றைத் தாண்டி, பி-53 என்னும் புரதமும் மிகுந்து, பகுப்புகளும் கூடியிருந்தால் அதனை 'இயல்பு மீறிய அடினோமா' என்று தனியே வைத்தது. அப்பெயர் நோயின் போக்கை முன்கூட்டி உரைக்கத் தவறியதால் 2017-இல் கைவிடப்பட்டது. கீ-67-ஐ எண்ணுவதிலேயே இடர்ப்பாடு உண்டு. ஒரே சீவலில் ஒரு மூலையில் ஐந்தும் மறுமூலையில் ஒன்றும் வரும்; ஓர் ஆய்வகத்தின் மூன்று மற்றோர் ஆய்வகத்தில் இரண்டாகும். பிரெஞ்சு வல்லுநர்கள் 2013-இல் தந்த முறை இதனினும் அறிவார்ந்தது என்பேன். கட்டி அண்டையிலுள்ள எலும்பிலோ குகைச் சிரைக் குழியிலோ ஊடுருவியுள்ளதா என்பதையும், கீ-67, பி-53, பகுப்பு எண்ணிக்கை ஆகிய மூன்றில் இரண்டேனும் மிகுந்துள்ளனவா என்பதையும் சேர்த்து நோக்கித் தரம் பிரித்தனர். 410 நோயாளரை எட்டாண்டு தொடர்ந்து பார்த்தபோது, ஊடுருவலும் பெருக்கமும் ஒருங்கே உடைய கட்டிகளே மீண்டும் வளர்வதில் மற்றவற்றைப் பன்மடங்கு விஞ்சின. ஒரு புரதத்தின் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ஆருடம் சொல்லலாகாது.

மருந்தைத் தேர்ந்து கொடுத்தல்

வளர்ச்சி ஹார்மோன் கட்டி குழந்தைகளிடம் பேருருவையும், வளர்ந்தவரிடம் கை, கால், தாடை பருத்தலையும் உண்டாக்கும். அறுவையால் முற்றும் நீங்காதவர்களுக்கு ஆக்ட்ரியோடைடு, லான்ரியோடைடு போன்ற ஊசிகள் உண்டு. இவை அணுவின் மேலுள்ள இரண்டாம் வகைச் சொமட்டோஸ்டேட்டின் ஏற்பியைப் பற்றிச் செயல்படுபவை. அவ்வேற்பிப் புரதம் கட்டியில் மிகுந்திருந்தால் மருந்து கேட்கும். அருகியிருந்தால் விலையுயர்ந்த ஊசி வீணாகும். ஐந்தாம் வகை ஏற்பியை வலுவாகப் பற்றும் பாசிரியோடைடு என்னும் மருந்தும் உண்டு. ஆனால் அது இரத்தச் சர்க்கரையை உயர்த்தும்.

கெரட்டின் என்னும் இழைப்புரதமும் இங்கே உதவுகிறது. உட்கருவைச் சுற்றி அது வளையமாகப் படர்ந்திருந்தால் அவ்வணு ஹார்மோன் துகள்கள் செறிந்தது. மருந்துக்கு நன்கு பணியும். ஒரு புள்ளியாகத் திரண்டு உருண்டையாக நின்றால் துகள்கள் அருகிய வகை. அது இளையோரிடம் மிகுதி, பெரிதாக வளரும், ஊசிக்கு எளிதில் பணியாது. எல்லா மருத்துவமும் தோற்றுப்போன முரட்டுக் கட்டிகளுக்கு டெமோசோலமைடு தருகின்றனர். அது கட்டியின் டி.என்.ஏ.-வைச் சிதைக்கிறது. எம்.ஜி.எம்.டி. என்னும் பழுதுபார்க்கும் புரதம் கட்டியில் நிரம்பியிருந்தால் சிதைந்ததைச் சீர்செய்துவிடும். குறைந்திருந்தால் மருந்து பலிக்கும் வாய்ப்பு மிகுதி. ஆயினும் இப்புரதம் மிகுந்தவரிடமும் மருந்து சில வேளை பலித்திருக்கிறது. வேறு வழியற்ற நோயாளருக்கு, அறிக்கையைக் காட்டி அதனை மறுப்பது முறையாகாது.

ஓர் அயர்லாந்துப் பேருருவர்

சார்லஸ் பைர்ன் என்பவர் அயர்லாந்தில் 1761-இல் பிறந்தார். உயரம் ஏழரை அடிக்கும் மேல். லண்டனில் காட்சிப் பொருளாக நின்று பிழைத்து, 1783-இல் 22 வயதில் மாண்டார். தம் உடலைக் கடலில் இட வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டும், ஜான் ஹன்டர் என்னும் அறுவை மருத்துவர் அவ்வுடலைக் கைப்பற்றி எலும்புக்கூட்டை அருங்காட்சியகத்தில் நிறுத்தினார். 1909-இல் ஹார்வி குஷிங்கின் வேண்டுகோளின்படி மண்டை ஓட்டைத் திறந்து பார்த்தபோது, பிட்யூட்டரி அமரும் சேணக்குழி மிகவும் அகன்றிருந்தது. கட்டி இருந்தது என்பது அப்போதே உறுதியாயிற்று. அது ஏன் வந்தது என்பதற்கு மேலும் நூறாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

2006-இல் பின்லாந்துக் குடும்பங்களை ஆய்ந்தவர்கள், ஏ.ஐ.பி. என்னும் புரதத்தின் மரபணு பழுதுபட்டால் இளமையிலேயே பிட்யூட்டரி கட்டி தோன்றும் என்று கண்டனர். மார்ட்டா கார்போனிட்ஸ் குழுவினர் பைர்னின் பற்களிலிருந்து டி.என்.ஏ.-வைப் பிரித்து 2011-இல் முடிவை வெளியிட்டனர். 330 அமினோ அமிலங்கள் கொண்ட அப்புரதம் பைர்னின் உடலில் 304-ஆம் இடத்திலேயே முறிந்து நின்றது. வடக்கு அயர்லாந்தில் இன்று வாழும் சில குடும்பங்களிலும் அதே பழுது, அதே இடத்தில்! இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு மூதாதை ஏறத்தாழ 57 முதல் 66 தலைமுறைகளுக்கு முன் வாழ்ந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டனர். 2023-இல் அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டபோது பைர்னின் எலும்புக்கூடு பார்வைக்கு வைக்கப்படவில்லை. கடலில் இடப்படவும் இல்லை.

மரபணு பழுதுபடாத சில வளர்ச்சி ஹார்மோன் கட்டிகளிலும் ஏ.ஐ.பி. புரதம் குறைந்திருப்பதைத் திசுச் சீவல்கள் காட்டியுள்ளன. அத்தகையவை ஆக்ட்ரியோடைடு ஊசிக்கு நன்கு பணிவதில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு மரபணுப் பழுது தெரிந்தால் உடன்பிறந்தோரையும் மக்களையும் சோதிக்கலாம். பழுதைச் சுமப்போருள் பெரும்பாலானோருக்குக் கட்டி தோன்றுவதே இல்லை. எனினும் சுமக்கும் சிறுவர்களின் உயரத்தை ஆண்டுதோறும் அளந்து, ஐ.ஜி.எஃப்.-1, புரோலாக்டின் அளவுகளையும் பார்த்து வருகின்றனர். இவ்வாறு கண்டறியப்படும் கட்டிகள், நோய் முற்றி வருவோரின் கட்டிகளைவிடச் சிறியனவாகவே உள்ளன.